190 கோல் இருக்கிறது, உலகக் கோப்பை இல்லை: சின்க்ளேர் பற்றி ஒரு நேயரின் சந்தேகம்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "போன வீடியோவில் கனடாவின் கால்பந்து வீராங்கனை கிறிஸ்டின் சின்க்ளேரை உலகின் தலைசிறந்த ஸ்ட்ரைக்கர்களில் (முன்களத்தில் நின்று கோல் அடிப்பவர்களில்) ஒருவர் என்றீர்கள். நாட்டுக்காக 190 கோல் என்பது பெரிய எண்தான். ஆனால் சின்னச் சின்ன அணிகளை அடித்துச் சேர்த்த கணக்குதானே அது? உலகக் கோப்பையும் ஜெயித்ததில்லை. அப்புறம் எப்படி?"

நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்கிறேன். சின்ன அணிகளுக்கு எதிராக அவர் நிறைய அடித்திருக்கிறார், அது உண்மை. அமெரிக்காவின் ஏபி வாம்பாக் வைத்திருந்த 184 கோல் சாதனையைத் தாண்டியதே அப்படி ஒரு ஆட்டத்தில்தான். 2020 ஜனவரி 29, டெக்சாஸில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்று. எதிரணி செயின்ட் கிட்ஸ் அண்ட் நெவிஸ். கனடா 11-0 என்று ஜெயித்தது. ஆனால் வட அமெரிக்க, கரீபியன் பகுதியில் யார் பிறந்தாலும் அந்தத் தகுதிச் சுற்றை ஆடித்தான் ஆக வேண்டும். வாம்பாக்கும் அதே அணிகளை எதிர்த்து ஆடியவர்தான். ஆண்கள் பக்கம் முதலிடத்தில் இருக்கும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் நாட்டுக்காக ஆடியதில் 190-ஐத் தொடவில்லை.

எண்ணை விடுங்கள். எண்ணைப் பார்த்து நான் அவரைப் பெரியவர் என்று சொல்லவில்லை. பலம் குறைந்த அணியில் நின்றுகொண்டு, பலமான அணிகளுக்கு எதிராக என்ன செய்தார் என்பதைப் பார்த்துத்தான் சொன்னேன்.

2011 உலகக் கோப்பை, பெர்லின் ஒலிம்பிக் மைதானம், போட்டியை நடத்தும் ஜெர்மனிக்கு எதிரான தொடக்க ஆட்டம். எழுபதாயிரத்துக்கும் மேல் கூட்டம். 2007 உலகக் கோப்பையில் ஒரு கோல்கூட வாங்காமல் கோப்பையைத் தூக்கிய அணி அது. இரண்டாம் பாதியில் ஒரு முழங்கை முகத்தில் பட்டு சின்க்ளேருக்கு மூக்கு உடைந்துவிட்டது. வெளியே வரச் சொன்னார்கள், அவர் வரவில்லை. 82-வது நிமிடத்தில் ஃப்ரீ கிக். பந்து தடுப்புச் சுவரைத் தாண்டி வளைந்து வலைக்குள் போனது. ஆட்டம் 2-1 என்று ஜெர்மனிக்குத்தான் போனது. கனடா அந்தப் போட்டியில் மூன்று ஆட்டத்திலும் தோற்று, 16 அணிகளில் கடைசியாக வந்தது. மொத்தப் போட்டியிலும் கனடா அடித்த ஒரே கோல் இதுதான்.

அடுத்த வருடம் லண்டன் ஒலிம்பிக். 2012 ஆகஸ்ட் 6, ஓல்ட் டிராஃபோர்ட், அமெரிக்காவுடன் அரையிறுதி. நேயர் ஒரே ஒரு ஆட்டம்தான் பார்க்கப் போகிறார் என்றால் இதைப் பார்க்கட்டும். 22-வது நிமிடத்தில் சக வீராங்கனை மெலிசா டான்கிரெடி பெனால்டி பெட்டிக்குள் பந்தைத் தட்டிக் கொடுக்க, சின்க்ளேர் ஒரு டிஃபெண்டரை விலக்கிவிட்டுத் தாழ்வாக அடித்தார். கனடா முன்னிலை. அமெரிக்காவின் மேகன் ரப்பினோ கார்னரில் இருந்து நேரே கோல் போட்டு சமன் செய்தார். சின்க்ளேர் தலையால் முட்டி இரண்டாவது. மறுபடி ரப்பினோ. மூன்றே நிமிடத்தில் மறுபடி சின்க்ளேர், மறுபடி தலையால். 73 நிமிடத்தில் ஹாட்ரிக், அதுவும் அன்றைய உலகின் முதல் நிலை அணிக்கு எதிராக.

அந்த இரண்டு தலையடிகளையும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். பந்து வருவதற்கு முன்னால் அவர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். டிஃபெண்டர் பந்தைப் பார்த்தால் இவரைப் பார்க்க முடியாது, இவரைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது. அந்த இடைவெளியில் ஒளிந்து நின்று, கடைசி இரண்டு எட்டில்தான் வேகம் எடுப்பார். குதிப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும். பயிற்சி எடுக்கிற பெண் பிள்ளைகளுக்கு நான் காட்டுவது இதைத்தான். உயரமும் வேகமும் பிறவியில் வரும். எங்கே, எப்போது நிற்பது என்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். கனடாவின் கோல்கீப்பர் பந்தை ஆறு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தார் என்று நடுவர் விசில் ஊதி அமெரிக்காவுக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். அப்போதும் அந்த விதிக்கு விசில் ஊதுவது அபூர்வம். (இப்போது விதி மாறிவிட்டது, எட்டு விநாடி, தாண்டினால் எதிரணிக்குக் கார்னர்.) அந்த ஃப்ரீ கிக் ஒரு கனடா வீராங்கனையின் கையில் பட, பெனால்டி. வாம்பாக் அடித்து 3-3. கூடுதல் நேரமும் முடிந்து, நடுவர் சேர்த்த கடைசி நிமிடங்களில் அலெக்ஸ் மோர்கன் தலையால் முட்டி 4-3. மூன்று கோல் போட்டும் தோற்றார் சின்க்ளேர். அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆனாலும் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் பிரான்ஸை 1-0 என்று வென்று கனடா வெண்கலம் வாங்கியது. ஆறு கோலோடு அந்த ஒலிம்பிக்கில் அதிகம் அடித்தவர் சின்க்ளேர்தான்.

கிளப் ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013 முதல் 2024 வரை அமெரிக்காவின் போர்ட்லண்ட் தோர்ன்ஸ் அணி, மூன்று லீக் பட்டங்கள். சரி.

இன்னொரு விஷயம், அவர் ஆடிய காலம். 2000-ல், 16 வயதில் கனடாவுக்கு முதல் ஆட்டம். 2023 டிசம்பரில், 40 வயதில் வான்கூவரில் கடைசி ஆட்டம். மொத்தம் 331. ஒரு ஸ்ட்ரைக்கர் இவ்வளவு நாள் தாக்குப்பிடிப்பது லேசு இல்லை. கால் வேகம் குறைந்ததும் முன்னணியில் நிற்பவரைத்தான் முதலில் உட்கார வைப்பார்கள். சின்க்ளேர் தானாகவே ஒரு வரிசை பின்னால் இறங்கினார். நடுக்களத்துக்கும் முன்களத்துக்கும் நடுவில் நின்று, பந்தை வாங்கித் திரும்பி, ஓடுகிற இளையவர்களுக்குக் கொடுக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். அப்படி ஆடியும் 2019-ல் நெதர்லாந்துக்கு எதிராக அடித்து, ஐந்து உலகக் கோப்பைகளில் கோல் போட்டவர் ஆனார். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் பிரேசிலின் மார்த்தா அதைச் செய்திருந்தார். இருவருக்கும் முன்னால் ஆணோ பெண்ணோ யாரும் செய்ததில்லை.

அதே 2019-ல் பாரிஸில் ஸ்வீடனோடு நாக் அவுட் ஆட்டம். கனடா 0-1 என்று பின்தங்கி நிற்கும்போது பெனால்டி கிடைத்தது. சின்க்ளேர் களத்தில் இருக்கிறார், கேப்டன் அவர்தான், உலக சாதனைக்கு மிக அருகில் வேறு இருக்கிறார். "நீ அடிக்கிறாயா?" என்று சக வீராங்கனை ஜானின் பெக்கியிடம் கேட்டுப் பந்தை அவரிடம் விட்டார். பெக்கி நன்றாகத்தான் அடித்தார், ஆனால் கோல்கீப்பர் ஹெட்விக் லிண்டால் பாய்ந்து தட்டிவிட்டார். கனடா வெளியேறியது. சின்க்ளேர் மீது அன்று விமர்சனம் வந்தது. கேப்டன் தானே அடித்திருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் 2021-ஐயும் சேர்த்துப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதி, மறுபடி அமெரிக்கா. ஒரு பெனால்டி, இந்த முறையும் சின்க்ளேர் அடிக்கவில்லை, பந்து சக வீராங்கனை ஜெஸ்ஸி ஃப்ளெமிங் காலடியில், கனடா 1-0. இறுதிப் போட்டி ஸ்வீடனோடு, யோகோஹாமாவில், ஆகஸ்ட் 6. ஓல்ட் டிராஃபோர்ட் நடந்து சரியாக ஒன்பது வருடம். 0-1 என்று இருக்கும்போது பெட்டிக்குள் கீழே தள்ளப்பட்டு பெனால்டி வாங்கிக் கொடுத்தவர் 38 வயது சின்க்ளேர். அடித்தவர் மறுபடி ஃப்ளெமிங். 86-வது நிமிடத்தில் சின்க்ளேரை வெளியே எடுத்தார்கள். பெனால்டி ஷூட் அவுட்டில் ஜூலியா குரோஸோ கடைசி பந்தை அடித்துத் தங்கம் வாங்கியபோது, கேப்டன் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உலகக் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை, அது உண்மைதான். 2003-ல் நான்காம் இடம், அதுதான் அவர் ஆடிய காலத்தில் கனடா எட்டிய உயரம். 2023-ல் நைஜீரியாவுக்கு எதிராக அவர் அடித்த பெனால்டியும் தடுக்கப்பட்டது. கேள்வி கேட்ட நேயர் பெர்லின் ஃப்ரீ கிக்கையும் ஓல்ட் டிராஃபோர்ட் ஆட்டத்தையும் முழுசாகப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள், அப்போதும் மனசு மாறவில்லை என்றால் விரிவாகப் பேசுவோம். அடுத்த கேள்வி, ஆஃப்சைடு பற்றி.