நடந்தால் வலிக்காத கால், நின்றால் ஏன் வீங்குகிறது?

வணக்கம் மக்களே. மேலச் சித்திரை வீதியில் உட்கார்ந்து பேசுகிறேன். மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஃபோன் கொண்டுபோக அனுமதி இல்லை, அதனால் உள்ளே பார்த்ததை வெளியே வந்து சொல்கிறேன். பின்னால் கொஞ்சம் சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வெள்ளியம்பலத்து நடராசரைக் கவனித்திருக்கிறீர்களா? மற்ற ஊர்களில் வலது காலை ஊன்றி இடது காலைத் தூக்கி ஆடுவார். நம் மதுரையில் இடது காலை ஊன்றியிருப்பார், தூக்கியது வலது கால். ராசசேகர பாண்டியன் ஆடக் கற்றுக்கொண்டபோது உடம்பெல்லாம் நொந்துபோனது. நமக்கே இப்படி என்றால், எந்நேரமும் ஒரே காலில் நிற்கிற சுவாமிக்கு எப்படி வலிக்கும் என்று உருகி, கால் மாற்றி ஆடச் சொல்லிக் கேட்டான். பாட்டி சொன்ன கதை இது. நான் பிசியோதெரபி படித்த பிறகு இந்தக் கதை எனக்கு இன்னும் பிடித்துப்போனது. நிற்கிற காலைப் பற்றி ஒருவன் கவலைப்பட்டிருக்கிறான் பாருங்கள்.

எங்கள் அம்மா ஒரு ஜவுளிக்கடையில் பதினான்கு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவிலில் இருந்து அழகர் கூடவே நடந்து வருவார், இருபது கிலோமீட்டருக்கு மேல். மறுநாள் உள்ளங்கால் எரிச்சலோடு சரி. ஆனால் கடையில் ஒரு முகூர்த்த சீசன் போனால் கணுக்கால் வீங்கி, கொலுசு சதையில் பதிந்துவிடும். "நடந்தா ஒண்ணும் செய்யலடி, நின்னாத்தான் காலு கனக்குது" என்பார். நான் படிக்காத காலத்தில் அதை நம்பவே இல்லை. நடப்பதை விட நிற்பது எப்படிக் கஷ்டமாகும்? அம்மா சொன்னதுதான் சரி, அதற்கான காரணம் காலுக்குள்ளேயே இருக்கிறது.

கேமராவைக் கீழே இறக்குகிறேன், என் காலைப் பாருங்கள். தொடையில் ஒரு எலும்பு, உடம்பிலேயே நீளமானது. முட்டியில் ஒரு சில்லு. முட்டிக்குக் கீழே இரண்டு எலும்பு, பாரம் தாங்குவது பெரும்பாலும் உள்பக்கத்துப் பெரிய எலும்புதான். பாதத்தில் மட்டும் 26. ஆக ஒரு காலுக்கு 30 எலும்பு. எலும்புக் கணக்கு இன்றைக்கு இவ்வளவு போதும்.

இப்போது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு, கட்டில் காலில் இடித்தால் உயிர் போகிற இடம். பின்பக்கம் பிடித்தால் கொழுகொழு என்று சதை. ஆடுசதை என்கிறோம், கெண்டைக்கால் என்கிறோம். கெண்டை மீனின் வயிறு மாதிரி நடுவில் பருத்து அடியில் ஒடுங்குவதால் வந்த பெயர், எவ்வளவு பொருத்தம்! அந்தச் சதை ஒன்று இல்லை, இரண்டு அடுக்கு. மேலே இருப்பது தொடை எலும்பின் அடியில் இரண்டு கிளையாகத் தொடங்கி முட்டியைத் தாண்டி வருகிறது. அதற்கு அடியில் தட்டையாக இன்னொரு தசை. இரண்டும் சேர்ந்து ஒரே கயிறாகிக் குதிகால் எலும்பில் போய்ப் பிடிக்கின்றன. குதிகாலுக்கு மேலே இரண்டு விரலால் பிடித்தால் அந்தக் கயிறு விறைப்பாகத் தெரியும்.

இதைக் குதிகால் நரம்பு என்று சொல்வோம். இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். நாம் மூன்று பொருளுக்கு ஒரே பெயர் வைத்திருக்கிறோம். இந்தக் கயிறும் நரம்பு. தொடை பின்னால் விரல் தடிமனில் இறங்கி, இடுப்பிலிருந்து சுண்டி இழுக்கிறதே, அதுவும் நரம்பு. நீலமாகப் புடைத்துச் சுருட்டிக்கொள்கிறதே, அதையும் நரம்பு சுருட்டல் என்கிறோம். முதலாவது தசைநாண். இரண்டாவதுதான் உண்மையான நரம்பு, உணர்ச்சி கடத்துவது. மூன்றாவது சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்ப மேலே கொண்டுபோகிற குழாய். எங்களிடம் வருகிறவர்கள் "நரம்பு பிரச்சினை" என்று மட்டும் சொன்னால் எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

சரி, அந்த மூன்றாவதுக்கு வருகிறேன். இதயம் அடித்து அனுப்பும் ரத்தம் பாதம் வரை இறங்கிவிடும். திரும்ப மேலே ஏற வேண்டுமே? அங்கேதான் கெண்டைக்கால் வேலை செய்கிறது. அந்தத் தசைகளுக்கு உள்ளேயும் நடுவிலும் சிரைகள் ஓடுகின்றன. அடி எடுத்து வைக்கும்போது தசை இறுகிச் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. தசை தளர்ந்ததும் ரத்தம் கீழே வழிந்துவிடாதபடி சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். குழாயின் அடியில் ஃபுட் வால்வு போடுகிறோம் இல்லையா? அது பழுதானால் ஏறிய தண்ணீர் மறுபடி கிணற்றுக்கே போய்விடும். காலில் அந்த மாதிரி பல வால்வுகள் வரிசையாக இருக்கின்றன.

நிற்கும்போதும் தசை வேலை செய்கிறதே என்று கேட்கலாம். செய்கிறது. நம் உடம்பின் பாரம் கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுவதால், முன்னால் சாயாமல் இருக்க அந்த அடித்தசை விடாமல் இழுத்துப் பிடித்தபடியே இருக்கும். ஆனால் மாட்டு மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் பால் வருமா? பிடித்து, விட்டு, பிடித்து, விட்டுத்தானே கறக்க வேண்டும்? அப்படித்தான் இதுவும். அசையாமல் நிற்கும்போது பாதத்துச் சிரைக்குள் அழுத்தம், பிரஷர் பார்க்கிற அதே பாதரசக் கணக்கில், 80, 90 மில்லிமீட்டர் அளவுக்குப் போகும். நடக்கத் தொடங்கினால் சில அடிகளிலேயே 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். எங்கள் அம்மா அழகரோடு நடந்த நாளும் சேலை மடித்துக்கொண்டே நின்ற நாளும் இந்த இரண்டு எண்களில் அடங்கிவிடுகின்றன.

வருடக்கணக்கில் அந்த அழுத்தம் இருந்தால் சிரை விரியும், வால்வு சரியாக மூடாது, ரத்தம் தேங்கும். அப்புறம் கணுக்காலின் உள்பக்கத்துக்கு மேலே தோல் கறுக்கும், அரிக்கும், கடைசியில் ஆறாத புண்ணும் ஆகலாம். தேங்காய் எண்ணெய் தடவி அந்தக் கறுப்பு போகாது. பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர், டிராபிக் போலீஸ், ஆசிரியர்கள், ஜவுளிக்கடைப் பெண்கள், எல்லாருக்கும் இது வரக்கூடியது.

2021-ல் தமிழ்நாட்டில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடையில் வேலை செய்கிற எல்லாருக்கும் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சேர்த்தார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அதைப் பற்றித்தான் பேச்சு. அம்மாவின் கடையில் ஸ்டூல் வந்தது. கொஞ்ச நாள் அதன் மேல் சேலைக் கட்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது, இப்போதும் வருகிறது. வாடிக்கையாளராகப் போகும்போது, "உட்கார்ந்துகிட்டே காட்டுங்கக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், ரொம்ப உதவும்.

நின்றே ஆக வேண்டிய வேலை என்றால், அரை மணிக்கு ஒருமுறை மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை மேலே தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. உட்கார்ந்திருந்தாலும் செய்யலாம். முட்டி மடங்கினால் மேல்தசை தளர்ந்துவிடும், அடித்தசை வேலையை எடுத்துக்கொள்ளும். இரவில் காலை நெஞ்சை விட உயரமாகத் தலையணையில் வைத்துப் படுங்கள். இறுக்கமான மருத்துவ சாக்ஸ் நல்லதுதான், ஆனால் சர்க்கரை இருப்பவர்கள் டாக்டரிடம் காலின் ரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் போடக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் தைலம் தேய்க்காதீர்கள், உருவி விடாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி போய்விடுங்கள். புடைத்த சிரை உடைந்து ரத்தம் கொட்டினால் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

மணி ஒன்பதரை ஆகிறது. கடை சாத்தி அம்மா வருகிற நேரம். வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், இரண்டு பேரும் மாசி வீதி வழியாக நடந்தே போகப் போகிறோம். வரட்டுமா மக்களே.