ரத்தம் எங்கே போகிறது?

(காசிமேட்டில் மகளிர் சுயஉதவிக் குழுவினரிடையே ஒரு மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, வீட்டு வேலையையும் முடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

"ரத்தம் கம்மியா இருக்குன்னாங்க, டானிக் குடுத்தாங்க" என்று தினமும் யாராவது வந்து சொல்கிறார்கள். ஏன் கம்மியாச்சு என்று கேட்டீர்களா என்றால், பதில் இருக்காது. ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின், 100 மில்லி ரத்தத்தில் பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் கீழே போனால் ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இது இருந்தது.

அரிசி புடைக்கும்போதே முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி தின்பார்கள். மாமியார் திட்டுவார். திட்டாதீர்கள் அம்மா, அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். மாத்திரை உடம்பில் சேரச் சேர அந்த ஆசை தானாகப் போய்விடும்.

சரி, அந்த இரும்பு எங்கே போகிறது? பல பெண்களுக்கு மாதவிலக்கில்தான். ஏழு நாளைத் தாண்டியும் நிற்காமல், கட்டி கட்டியாகப் போனால், "எங்க அம்மாவுக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கருப்பையில் கட்டி இருக்கலாம். ஆண்களுக்கு ரத்தசோகை வந்தால் எனக்கு இன்னும் கவலை அதிகம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு, மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வருஷக்கணக்காகப் போடுகிறார்கள். வயிறு புண்ணாகி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி போகும். மூலம், குடல் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். டானிக் கொடுத்து ஹீமோகுளோபின் அளவை மட்டும் ஏற்றினால் நோய் உள்ளேயே வளரும்.

இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். இந்த மாத்திரையாலும் மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் அளவு சரியான பிறகும் மூன்று மாதம் தொடருங்கள். தொடர்ந்து போட்டும் ஏறவில்லையா? தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் மரபணு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் பேசும் வீடுகள் இதைக் கல்யாணத்துக்கு முன்பே பார்ப்பது நல்லது. இருவருக்கும் அந்த மரபணு இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு.

அடுத்து தட்டணு, அதாவது ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். மழைக்காலத்தில் டெங்கு வந்தால், பிளேட்லெட் 50,000 என்றதும் தெருவே ரத்தம் தேடி ஓடுகிறது. இயல்பான அளவு 1.5 லட்சத்துக்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் ரத்தக்கசிவு இல்லாத பெரும்பாலானவர்களுக்கு, ஏற்றாமலே சில நாளில் ஏறிவிடும். எண்ணிக்கையை விட ஆளைப் பாருங்கள். காய்ச்சல் விட்ட நாள்தான் ஆபத்தான நாள். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். அளவாகப் பாராசிட்டமால் போதும்.

ஆண் குழந்தை தவழத் தொடங்கியதும் முட்டி வீங்குகிறது, சின்னக் காயத்தில்கூட ரத்தம் விட்டுவிட்டுக் கசிகிறது என்றால் ஹீமோஃபீலியாவாக இருக்கலாம். ரத்தம் உறைய உதவும் காரணி 8 அல்லது 9 பிறவியிலேயே குறைவு. சதையில் ஊசி போட விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அந்தக் காரணியைக் கட்டணமில்லாமல் ஏற்றுகிறார்கள். தாயைக் குறை சொல்லி அந்தப் பெண்ணை அழவைக்கும் வீடுகளைப் பார்த்து மனம் வெந்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இன்னொன்று, பிரசவத்துக்கோ ஆபரேஷனுக்கோ பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டு வைத்திருப்பவர்கள் வரிசையாக வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.