பாஸ்கலோடு விர்த் ஏன் நின்றுவிடவில்லை?

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கணினி அறிவியலாளர் நிக்லாஸ் விர்த் உருவாக்கிய பாஸ்கல் என்ற நிரல்மொழி, நிரல் எழுதக் கற்பிக்கும் மொழியாகப் பல நாடுகளில் பரவியது. அதையே வளர்த்தெடுக்காமல் மாடுலா-2, ஓபரான் என்று அடுத்தடுத்துப் புதிய மொழிகளுக்கு அவர் ஏன் போனார்?"

விர்த்துக்கு மொழி ஒரு கருவிதான். கையிலுள்ள வேலைக்கு அது போதவில்லை என்றால், ஒட்டுப்போடுவதைவிடத் திரும்ப வடிவமைப்பதையே அவர் விரும்பினார். இந்த மனப்போக்கு பாஸ்கலுக்கு முன்பே தெரிகிறது. அல்கால் என்ற முந்தைய நிரல்மொழியின் அடுத்த வடிவத்துக்காக அவரும் கணினி அறிவியலாளர் டோனி ஹோரும் 1960களில் முன்வைத்த எளிய திட்டத்தை ஏற்காமல், பொறுப்பிலிருந்த குழு மிகவும் சிக்கலான அல்கால் 68 பக்கம் சென்றது. விர்த் தமது திட்டத்தை ஸ்டான்ஃபோர்டில் அல்கால் டபிள்யூ என்ற மொழியாக்கினார். பிறகு தாய்நாடான சுவிட்சர்லாந்துக்குத் திரும்பி, 1970இல் ஜூரிக்கின் ஈடிஎச் கல்வி நிறுவனத்தில் பாஸ்கலை வெளியிட்டார்.

பாஸ்கலின் முதல் கம்பைலர், அதாவது நிரலைக் கணினிக்குப் புரியும் கட்டளைகளாக மொழிபெயர்க்கும் மென்பொருள், உருவான விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை ஃபோர்ட்ரான் என்ற பழைய நிரல்மொழியில் எழுத முயன்றது தோல்வியில் முடிந்ததால், கம்பைலரைப் பாஸ்கலிலேயே எழுதி, அதை ஒருமுறை மட்டும் கையால், கணினியின் கட்டளைகளுக்கு நெருக்கமான கீழ்நிலை மொழிக்கு மாற்றி இயக்கினார்கள். தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ள முடியாத மொழி முழுமையானதல்ல என்ற எண்ணம் அதன்பின் அவர் பணி முழுவதிலும் தொடர்ந்ததாகவே நான் கருதுகிறேன்.

பாஸ்கல் கற்பித்தலுக்குச் சிறப்பாகப் பொருந்தினாலும், பெரிய நிரலைப் பகுதிகளாகப் பிரித்துத் தனித்தனியே கம்பைல் செய்யும் வசதி அதன் மூல வடிவில் இல்லை. ஒரே வகை மதிப்புகளைத் தொகுத்து வைக்கும் அணியின் (array) நீளமும் அதன் தரவு வகையிலேயே அடங்கியிருந்ததால், பத்து எண்களை ஏறுவரிசையில் அடுக்க எழுதிய செயல்முறைக்கு இருபது எண்களைக் கொடுக்க முடியாது. 1976இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்துக்குச் சென்ற விர்த், அங்கு உருவான ஆல்டோ கணினியையும், நிரலைத் தனிப் பகுதிகளாக எழுத உதவிய மீசா மொழியையும் பார்த்தார். ஆல்டோ விற்பனைக்கு இல்லாததால், ஊர் திரும்பி லிலித் என்ற கணினியைத் தம் குழுவோடு தாமே கட்டினார். அதன் இயங்குதளம் முதற்கொண்டு அனைத்தையும் ஒரே மொழியில் எழுத வேண்டியிருந்தது. அதற்காகப் பிறந்ததுதான் மாடுலா-2. 1984இல் கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருதும் அவருக்கு வந்தது.

அடுத்து சக கணினி அறிவியலாளர் யுர்க் குட்க்னெக்ட்டுடன் சேர்ந்து ஓபரான் இயங்குதளத்தைத் தொடங்கியபோது, அதற்கான அதே பெயருள்ள மொழியில் அவர் சேர்த்ததைவிட நீக்கியதே அதிகம். தாமே பாஸ்கலில் கொண்டுவந்த, மதிப்புகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும் வகைகளையும் (enumeration), ஒன்று முதல் பத்து வரை என்பதுபோல் எல்லை குறிக்கும் உள்வரம்பு வகைகளையும் எடுத்துவிட்டு, இருக்கும் தரவு வகையை விரித்துப் புதிய வகை உருவாக்கும் வகை நீட்டிப்பு என்ற ஒன்றைச் சேர்த்தார். வெற்றி பெற்ற தம் படைப்பிலேயே இவ்வாறு கத்தரி வைப்பதற்கு மிகுந்த துணிவு வேண்டும்.

1999இல் ஓய்வு பெற்ற பின்பும் அவர் விடவில்லை. ஓபரான் முதலில் இயங்கிய கணினிச் செயலி (processor) வழக்கொழிந்துவிட்டதால், எண்பதை நெருங்கிய வயதில் அத்தகைய புதிய செயலி ஒன்றைத் தாமே வடிவமைத்து, அதற்கேற்பக் கம்பைலரையும் எழுதி, 2013இல் முழுத் தொகுப்பையும் மீண்டும் வெளியிட்டார்.