மூலிகைச் சத்தைப் பிரிக்க ஹெக்ஸேன்தான் வேண்டுமா?

(காட்சி: கண்ணாடிக் கருவி. அடியில் திரவம் கொதிக்கிறது, மேலிருந்து சொட்டுகிறது.)

இது சாக்ஸ்லெட் கருவி. 1879-ல் வந்தது, இன்றும் ஆய்வகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. காகித உறைக்குள் மூலிகைப் பொடி, கீழே கொதிக்கும் ஹெக்ஸேன் (பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கரைப்பான்). ஆவி மேலே போய்க் குளிர்ந்து, பொடிமேல் சொட்டி, சத்தை இழுத்துக்கொண்டு கீழே இறங்கும். மணிக்கணக்கில் இதே சுற்று. சத்து கிடைக்கும், சரி. ஆனால் ஹெக்ஸேன் சட்டென்று தீப்பிடிக்கும். நாள்பட சுவாசித்தால் நரம்பைக் கெடுக்கும்.

சூடும் ஒரு தலைவலிதான். 1971-ல் சீனாவில் தூ யூயூ மலேரியாவுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார். செடிச் சாறு ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. சுமார் 1,600 ஆண்டுகள் பழைய மருத்துவக் குறிப்பு ஒன்றில், ஒரு கைப்பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. காய்ச்சச் சொல்லவே இல்லை! சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈதர் என்ற கரைப்பானுக்கு மாறினார். ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து கிடைத்தது, 2015-ல் நோபல் பரிசும். என்ன, ஈதர் ஹெக்ஸேனைவிட மோசமாகத் தீப்பிடிக்கும்.

(காட்சி: தடித்த எஃகு உருளை, அழுத்தமானி முள் ஏறுகிறது.)

அதிகச் சூடும் வேண்டாம், நச்சும் வேண்டாம் என்றால்? கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. 31 டிகிரியையும் 74 பார் அழுத்தத்தையும் (சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 70 மடங்குக்கும் மேல்) தாண்டினால் அது வாயுவும் இல்லை, திரவமும் இல்லை. வாயுபோல இண்டு இடுக்கெல்லாம் நுழையும், திரவம்போலக் கரைக்கும். அப்புறம் அழுத்தத்தைக் குறைத்தால் போதும்: வாயு பிரிந்துவிடும், சாறு மட்டும் தங்கும். காப்பிக்கொட்டையிலிருந்து காஃபீனை எடுக்கவும் இந்தக் கார்பன் டை ஆக்சைடு பயன்படுகிறது. எண்ணெய்ப்பசையுள்ள பொருள்கள் இதில் நன்றாக வரும். தண்ணீரில் கரையும் ரகங்கள் அடம்பிடிக்கும். கொஞ்சம் எத்தனால், அதாவது ஆல்கஹால், சேர்க்க வேண்டும்.

(காட்சி: நுண்ணோக்கியில் ஒரு செல். பக்கத்தில் குமிழி.)

அடுத்தது அல்ட்ராசவுண்ட். நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் அதிரும் ஒலி, திரவத்துக்குள் நுண்குமிழிகளை உண்டாக்குகிறது. இந்தக் குமிழியைப் பாருங்கள்: ஊதுகிறது, ஊதுகிறது, பட்டென்று உள்வாங்கி நசுங்குகிறது. அந்த அடியில் செல்சுவர் கிழிந்து உள்ளே இருப்பது வெளியே கொட்டுகிறது. மணிக்கணக்கில் ஆன வேலை பல செடிகளில் நிமிடங்களில் முடிகிறது. ஆனால் கருவி சும்மா இருக்காது, சூடாகும். குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, வெறும் தண்ணீரே போதாதா? இதைவிடப் பசுமை ஏது என்றுதான் தோன்றும். சாற்றை உலர்த்தும்போதுதான் வினை. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். எத்தனாலுக்கு 850-க்குள் முடிந்துவிடும். அதனால் என் ஓட்டு, தண்ணீர் கலந்த எத்தனாலும் அல்ட்ராசவுண்டும் சேர்ந்த கூட்டணிக்கு. எத்தனாலும் தீப்பிடிக்கும்தான். ஆனால் அதைத் தாவரச் சர்க்கரையைப் புளிக்க வைத்தே தயாரிக்கலாம், ஆவியைக் குளிர்வித்து அடுத்த தடவைக்கும் ஊற்றிக்கொள்ளலாம்.