செருப்பை எந்த வாசலில் விடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் எழுத்தாளன் இல்லை, வரலாற்று ஆசிரியரும் இல்லை. நில அளவைத் துறையில் 31 வருஷம் சங்கிலி இழுத்து ஓய்வு பெற்றவன். அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை என்று இந்தப் பக்கத்துக் காடு மேடெல்லாம் நடந்தே காலம் போனது. நடந்து பழகிய கால் வீட்டில் சும்மா கிடக்குமா? ஓய்வுக்குப் பிறகு பழைய ஊர்களாகப் பார்த்து நடக்க ஆரம்பித்தேன். ஒரு பழைய ஊரை நடந்து பார்க்க நல்ல வழிகாட்டிப் புத்தகம் எப்படி வாங்குவது என்று பேசச் சொல்லி இந்த வானொலி நிலையத்தில் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் ஒரே ஒரு தகுதிதான் உண்டு. தப்பான புத்தகம் வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருஷத்துக்கு முன்னால் நானும் வீட்டுக்காரம்மாவும் மதுரைக்குக் கிளம்பினோம். மைசூரிலிருந்து தூத்துக்குடி போகிற ரயில் நம் தருமபுரி வழியாகத்தானே போகிறது, ராத்திரி ஏறினால் காலையில் மதுரை. ரயிலில் படிக்க ஒரு தடிப் புத்தகம் வாங்கி வைத்திருந்தேன். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம், விலையும் அதற்குத் தக்கபடி. மதுரைக்கு மட்டும் நாற்பது பக்கம். மீனாட்சி அம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், வண்டியூர்த் தெப்பக்குளம், அழகர்கோயில் என்று வரிசையாகப் போட்டு, எல்லாவற்றுக்கும் "தவறாமல் பார்க்க வேண்டியது" என்று எழுதியிருந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போவது என்று ஒரு வரி இல்லை. ஆட்டோ பிடித்தோம். சாயங்காலத்துக்குள் அத்தனையும் பார்த்து முடித்தாகிவிட்டது. ராத்திரி சாப்பிடும்போது அவள் கேட்டாள்: "ஏங்க, மதுரையைப் பார்த்தாச்சுன்னு சொல்றீங்களே, ஒரு தெருப் பேர் சொல்லுங்க பார்க்கலாம்."

எனக்கு ஒன்றும் வரவில்லை. ஊர் ஊராகத் தெருவை அளந்தவன் நான்.

இரண்டாவது தடவை போனபோது கையில் இருந்தது மெலிசான புத்தகம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. கறுப்பு வெள்ளை, கையால் வரைந்த வரைபடம், முழுக்க முழுக்க மதுரை மட்டும். ஆறு நடைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். முதல் நடையின் முதல் வரி என்ன தெரியுமா? செருப்பைக் கிழக்குக் கோபுர வாசலில் விடாதீர்கள், நீங்கள் வெளியே வரப்போவது மேற்கு வாசலில் என்பதுதான். சிரிப்பாக இருந்தது. அப்புறம் கோயிலுக்குள் போய், வெயில் ஏறின பிறகு வெளியே வந்து, சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடுகிறவர்களைப் பார்த்தேன். இதை எழுதிய ஆள் ஒருநாள் அப்படி ஓடியிருக்கிறார் என்று புரிந்தது. அந்தப் புத்தகத்தில் அவர் சொன்ன மற்ற எல்லாவற்றையும் அதன் பிறகு நம்பினேன்.

என் கட்சி இதுதான். வழிகாட்டிப் புத்தகம் வாங்கும்போது, எழுதியவர் அந்த வழியில் நடந்தாரா என்று பாருங்கள். படம், பக்கம், பதிப்பகம், விலை எல்லாம் அப்புறம்.

நடந்தவர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மெலிசுப் புத்தகத்திலிருந்தே சொல்கிறேன். மதுரை தாமரைப்பூ வடிவில் அமைந்த நகரம் என்று தடிப் புத்தகம் எழுதியிருந்தது. சர்வே பார்த்தவன் கண்ணுக்குத் தாமரை எதுவும் படவில்லை. சதுரத்துக்குள் சதுரமாகத் தெருக்கள்தான் பட்டன. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. மெலிசுப் புத்தகம் இந்த ஒவ்வொரு சதுரத்தையும் ஒரு நடையாக வைத்து, உள்ளேயிருந்து வெளியே கூட்டிப்போகிறது. மாசி வீதிக்கு வந்ததும் ஒரு கேள்வி போடுகிறது. சித்திரைத் திருவிழாவின் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது? முன்பு மாசி மாதத்தில் நடந்த விழாவைத் திருமலை நாயக்கர்தான் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்குகிற விழாவோடு சேர்த்தார் என்று சொல்வார்கள். மாதம் மாறியது, தெரு மாறவில்லை. இதைத் தெரிந்துகொண்டு அந்த வீதியில் நின்றபோது, தேர் திரும்ப அந்த முக்கில் எவ்வளவு இடம் வேண்டும் என்று என் கால் தானாக அடி அளந்தது.

வெளி வீதியில் இன்னொரு சங்கதி. அங்கேதான் கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தன. 1837க்குப் பிறகு பிளாக்பர்ன் என்ற கலெக்டர் காலத்தில் சுவரை இடித்து, இடித்த மண்ணையும் கல்லையும் போட்டு அகழியைத் தூர்த்துத் தெரு ஆக்கினார்கள். மாரட் தெரு, பெருமாள் மேஸ்திரி தெரு எல்லாம் அப்போது வந்தவை. கலெக்டர் பேரில், கவர்னர் பேரில் தெரு இருப்பது எல்லா ஊரிலும் உண்டு. மேஸ்திரி பேரில் ஒரு தெரு இருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டையின் கொத்தளம் ஒன்று இன்னும் மிச்சம் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் முதல் தடவை பார்க்கவில்லை.

இந்தக் காலத்தில் புத்தகம் எதற்கு, போன் இருக்கிறதே என்று என் மருமகன் கேட்கிறார். போன் நல்லதுதான், நானும் வைத்திருக்கிறேன். விளக்குத்தூணிலிருந்து மகாலுக்கு வழி கேட்டால் எது கிட்டமோ அதைக் காட்டும். பத்துத்தூண் சந்துக்குள் கொஞ்சம் நுழைந்து போ என்று சொல்லாது. அந்தச் சந்தில் ஜவுளிக் கடைகளுக்கு நடுவே ஆளுயரம் போல் எத்தனையோ மடங்கு உயரத்தில் கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. நாயக்கர் அரண்மனையின் மிச்சம் என்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு மகாலுக்குப் போனால்தான், இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மகால் பழைய அரண்மனையில் ஒரு பகுதி மட்டும் என்பது உறைக்கும். விளக்குத்தூண் என்று சொல்கிறோமே, அந்தத் தூணே பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான். ஊர்க்காரர்கள் அவர் பேரை விட்டுவிட்டு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

சரி, கடையில் நின்று புத்தகத்தைப் புரட்டும்போது நடந்து எழுதியதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பல ஊர்களைச் சொல்கிற புத்தகம் என்றால் ஒரு சுலபமான சோதனை உண்டு. உங்கள் சொந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நான் வாங்கிய தடிப் புத்தகத்தில் தருமபுரிக்கு மூன்று வரி. ஒகேனக்கல் அருவி, அதியமான்கோட்டை காலபைரவர், அவ்வளவுதான். கோட்டைக் கோயில் இல்லை. இந்தப் பக்கத்தை ஆண்ட நோளம்பர் பேரே இல்லை. படியேறிப் போய்க் காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைக் குனிந்து பார்த்தால், ராமாயணம் சின்னச் சின்னச் சிற்பமாகச் சுற்றி வருமே, அது இல்லை. மல்லிகார்ஜுனர் கோயில் மண்டபத்தில் தலையைத் தூக்கினால் விதானத்தில் எண்திசைக் காவலர்கள் இருப்பார்களே, அவர்களும் இல்லை. மியூசியத்தில் வைத்திருக்கிற நடுகற்களும் இல்லை. நமக்குத் தெரிந்த ஊரையே இப்படி எழுதியவர் தெரியாத ஊரை எப்படி எழுதியிருப்பார்? இந்தக் கேள்வியைப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். நான் ரயிலில் உட்கார்ந்து கேட்டேன்.

அடுத்தது வரைபடம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாராமகால் என்று அப்போது சொன்ன இந்தப் பகுதி 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்த பிறகு ரீட், மன்றோ என்ற வெள்ளைக்கார அதிகாரிகள் வயல் வயலாக அளக்கச் செய்த மண் இது. அந்த மண்ணில் வேலை பார்த்தவனுக்கு அளவுகோல் போடாத படம் ஆகாது. பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற கணக்கில் இருக்கும். நடைக்கு ஏறக்குறைய அந்த அளவுதான் தோது. ஒரு சென்டிமீட்டருக்கு 50 மீட்டர் என்றால், படத்தில் ஒரு சென்டிமீட்டர் நடையில் எழுபது எண்பது காலடி. சந்துகூடத் தெரியும். முழு மதுரையையும் ஒரே பக்கத்தில் அடைத்த படம் சுவரில் மாட்டத்தான் லாயக்கு. வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மதுரை மாதிரி நாலு பக்கமும் ஒரே மாதிரி வீதியும் கோபுரமும் இருக்கிற ஊரில் கிழக்கு மாசி வீதியா மேற்கு மாசி வீதியா என்று தடுமாறிப் போவோம். அப்படித் தடுமாறி ஒரு டீக்கடையில் வழி கேட்டு, அந்த டீக்கடைக்காரரோடு அரை மணி நேரம் பேசியதும் உண்டு. அது வேறு கதை.

பதிப்பித்த வருஷத்தையும் பாருங்கள். பழைய ஊர்தானே, என்ன மாறிவிடப்போகிறது என்று நினைப்போம். என்னுடைய மெலிசுப் புத்தகம் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபத்தில் தையல்காரர்கள் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஆசையாக இரண்டு பக்கம் எழுதியிருந்தது. நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்களுக்கு இடையே தையல் மெஷின் ஓடுகிற சத்தம் என்றெல்லாம். நான் கடைசியாகப் போனபோது அந்தக் கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியிருந்தார்கள். கோயிலுக்குள்ளே 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு உள்ளே இருந்த கடைகளும் போய்விட்டன, செல்போனும் கொண்டுபோக முடியாது. பழைய பதிப்பில் இது எதுவும் இருக்காது. அதற்காகப் பழைய புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். தையல்காரர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று இனி அதில்தான் தெரிந்துகொள்ள முடியும். நேரம், நுழைவு, பேருந்து இதற்கெல்லாம் மட்டும் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் இந்த வகை எழுத்துக்குப் புதியவர்கள் இல்லை. ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசு வாங்கி வருகிறவர் எதிரே வருகிறவருக்கு வழி சொல்வதுதானே. பத்துப்பாட்டில் பாதி அதுதான். அதில் மலைபடுகடாம் நமக்குப் பக்கத்து ஊர்ச் சரக்கு. ஊத்தங்கரையிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் செங்கம் இருக்கிறதே, அங்கே ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகிற கூத்தர்களுக்கு 583 அடியில் வழி சொல்கிற பாட்டு. மன்னன் புகழ் இருக்கும், அது இல்லாமல் முடியாது. ஆனால் எனக்குப் பிடித்தது வழியில் வருகிற எச்சரிக்கைகள். பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், விடிந்த பிறகு போ. பாம்பு இருக்கும், பார்த்து நட. தினைப்புனம் காக்கிறவர்கள் கவண்கல் வீசுவார்கள், ஒதுங்கிப் போ. வழுக்குகிற இடத்தில் இதைப் பிடித்துக்கொள். வீரர்களின் பேர் பொறித்த நடுகற்கள் எங்கே வரும் என்பதுகூட இருக்கிறது. செருப்பை மேற்கு வாசலில் விடு என்று எழுதியவரும் இந்தப் பரம்பரைதான் என்று எனக்குத் தோன்றும்.

கையில் பிடித்துப் பார்ப்பதும் ஒரு சோதனை. ஒரு கையில் புத்தகம், இன்னொரு கையில் குடையோ தண்ணீர் பாட்டிலோ இருக்கும். விரித்தால் விரித்தபடி நிற்க வேண்டும், மூடிக்கொள்ளக் கூடாது. ஓரத்தில் பென்சிலால் எழுத இடம் இருக்க வேண்டும், வழவழப்புத் தாளில் பென்சில் பிடிக்காது. நடு மத்தியானம் கோயில் நடை சாத்தியிருக்கும் மூன்று நான்கு மணி நேரத்தை எங்கே கழிப்பது, கழிப்பறை எங்கே, எந்தத் தெருவில் நிழல் என்று புத்தகம் சொல்கிறதா என்று பாருங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு மன்னர்களின் ஆண்டுக் கணக்கைவிட இதுதான் முக்கியம். மற்றபடி அட்டை எப்படி இருந்தால் என்ன.

இதையெல்லாம் வீட்டில் ஒருநாள் விளக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரம்மா, "இவ்வளவு பேசறீங்களே, நம்ம தருமபுரிக்கு அப்படி ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாள். நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன். நான்கு ரோட்டில் தொடங்கிக் கோட்டை, மியூசியம், குமாரசாமிப்பேட்டை என்று மூன்று நாள் காலையில் காலடி எண்ணி நடந்து பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் தொடங்கினால்தான் வெளியூர்க்காரர்களுக்குச் சௌகரியம் என்று அவள் சொல்கிறாள். நான்கு ரோட்டில்தான் காலை ஆறு மணிக்கே நல்ல டீ கிடைக்கும் என்பது என் வாதம். இன்னும் முடிவாகவில்லை. கோட்டைக் கோயிலில் செருப்பை எங்கே விடுவது என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.