மேலூர்ப் பாறையில் டங்ஸ்டன்: ஒரு கனிமத் தடயம் வரைபடக் கட்டமான கதை

[காட்சி: இருட்டு அறை. உள்ளங்கையில் ஒரு கல். புற ஊதா விளக்கு எரிகிறது.]

வணக்கம். பகலில் பார்த்தால் இந்தக் கல்லில் விசேஷமாக ஒன்றும் தெரியாது. சாம்பல் நிறம், நடுவே பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள். வெறும் வெங்கச்சங்கல் என்று தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுவோம். இப்போது விளக்கை அடிக்கிறேன், பாருங்கள். அந்தப் புள்ளிகள் மட்டும் நீலம் ஓடிய வெள்ளையாக ஒளிர்கின்றன. இதுதான் ஷீலைட். கால்சியம், டங்ஸ்டன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்த கனிமம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டங்ஸ்டனுக்காக ஏலம் விட்டு, பிறகு ரத்தான இடத்தில் இருக்கும் மேலூர் பக்கத்து ஊர் அரிட்டாபட்டி. இந்தத் துண்டு அங்கே எடுத்தது இல்லை, பாடம் நடத்த வைத்திருக்கும் மாதிரி. ரூபாய் நோட்டைச் சோதிக்கும் விளக்கை அடித்தால் இது ஒளிராது. அலைநீளம் குறைந்த, 254 நானோமீட்டர் விளக்குதான் வேண்டும். மாலிப்டினம் என்ற உலோகம் கொஞ்சம் கலந்திருந்தால் வெளிச்சம் மஞ்சளாகிவிடும். டங்ஸ்டன் தேடுகிற நிலவியலாளர்கள் ராத்திரியில் விளக்கோடு பாறை மேல் நடப்பது இதனால்தான்.

[காட்சி: போர்வெல் லாரி. துளையிடும் பிட்டின் நுனி, மிக அருகில்.]

டங்ஸ்டன் என்றதும் பழைய குண்டு பல்பின் இழை ஞாபகம் வரும். 3,422 டிகிரி செல்சியஸில்தான் உருகும், எந்த உலோகத்துக்கும் இவ்வளவு உயர்ந்த உருகுநிலை இல்லை. எடையும் அப்படித்தான். ஒரு கன சென்டிமீட்டர் 19 கிராமுக்கு மேல், கிட்டத்தட்ட தங்கத்தின் கனம். ஆனால் நம் ஊருக்கு அது வேறு வடிவத்தில் எப்போதோ வந்துவிட்டது. போர்வெல் போடும்போது பிட்டின் முகத்தில் உருண்டை உருண்டையாகப் பித்தான்கள் பதித்திருக்கும் இல்லையா, அவை டங்ஸ்டன் கார்பைடு, டங்ஸ்டனும் கார்பனும் சேர்ந்த கடினமான பொருள். மேலூர்ப் பாறையை உடைத்துத் தண்ணீர் எடுத்துத் தருவதே அந்தப் பித்தான்கள்தான்.

சரி, இந்தக் கனிமம் எப்படி உருவாகிறது?

[காட்சி: தென்னிந்திய வரைபடம். பாலக்காடு முதல் அச்சன்கோவில் வரை நிறம் மாறுகிறது.]

வடக்கே பாலக்காடு-காவிரிப் பிளவுப் பகுதி, தெற்கே அச்சன்கோவில் பிளவுப் பகுதி. நடுவில் இருப்பதை நிலவியலாளர்கள் மதுரை வட்டாரம் என்றே அழைக்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், இங்கிருந்த பாறைகள் ஆழத்துக்குப் போய் வெந்தன. சில இடங்களில் வெப்பம் 900 டிகிரியையும் தாண்டியது. களிமண்ணாகப் படிந்தது கார்னெட் பதிந்த பாறையானது. மேலூர் பக்கம் அறுத்த வெள்ளைக் கல்லில் குன்றிமணி சிதறின மாதிரி சிவப்புப் புள்ளிகள் இருக்கும், அது கார்னெட். சுண்ணாம்பாகப் படிந்தது கால்சியம் நிறைந்த சிலிக்கேட் பாறையானது.

ஷீலைட்டுக்கு ஏற்ற இடம் சுண்ணாம்பிலிருந்து வந்த இந்தப் பாறைதான். கிரானைட் குழம்பு இறுகும்போது கடைசியில் மிஞ்சும் சூடான நீரில் டங்ஸ்டன் கரைந்திருக்கும். அந்த நீர் கால்சியம் உள்ள பாறையைத் தொட்டதும், கரைந்திருந்தது அங்கேயே ஷீலைட்டாகப் படியும். தங்கம் ஓடுகிற குவார்ட்ஸ் நரம்புகளிலும் ஷீலைட் வருவதுண்டு. கோலார் தங்கவயல் கழிவு மேட்டிலேயே அது இருக்கிறது. ஆனால் அளவை மனத்தில் வையுங்கள். நல்ல சுரங்கம் என்று உலகம் சொல்லும் இடங்களிலும் பெரும்பாலும் 100 கிலோ பாறைக்கு ஒரு கிலோ டங்ஸ்டன் ஆக்சைடு தேறாது. மிச்சம் 99 கிலோவை உடைத்து, அரைத்து, எங்காவது கொட்டியாக வேண்டும்.

[காட்சி: சல்லடை, சுத்தியல், மாதிரிப் பை. அப்புறம் காகிதத்தில் ஒரு கட்டம்.]

இந்த வீடியோவை எடுத்ததே அடுத்து வரும் விஷயத்துக்காகத்தான். 'கனிமம் இருக்கிறது' என்ற சொல்லுக்குள் நான்கு படிகள் இருக்கின்றன. முதல் படி ஜி4. ஓடை மணலை அலசுவார்கள், பாறையைச் செதுக்கி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள், விளக்கடித்துப் பார்ப்பார்கள். தடயம் கிடைத்தால் ஜி3, ஜி2. போகப்போக அகழியும் துளைகளும் நெருங்கி வரும். எவ்வளவு டன், என்ன தரம் என்று உறுதியாகச் சொல்ல ஜி1 வரை போக வேண்டும். நிலக்கடலைக் காட்டில் நாலு செடியைப் பிடுங்கிப் பார்ப்பதற்கும் மொத்தக் காட்டையும் பறித்து மூட்டை எண்ணுவதற்கும் உள்ள தூரம் இது.

இந்திய புவியியல் ஆய்வு மையம் 1851 முதல் இந்த வேலையைச் செய்கிறது. திறமையான வேலை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கனிமம் தேடும் வரைபடத்தில் கண்மாய்க்கு எடை கிடையாது, கல்வெட்டுக்கு எடை கிடையாது.

2023 ஆகஸ்டில் கனிமச் சட்டம் திருத்தப்பட்டு, டங்ஸ்டன் உட்பட 24 முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின், அதாவது ஏலத்துக்காக வரைபடத்தில் போட்ட கட்டத்தின், முடிவு வெளியானது. பரப்பு 2,015.51 ஹெக்டேர், அதாவது 20 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கொடுக்கவிருந்தது கூட்டு உரிமம். முதலில் ஆய்வு செய்து, லாபம் தேறினால் அதே கையோடு சுரங்கத்துக்குப் போகலாம். ஆக, ஆய்வு முடியும் முன்பே அரிட்டாபட்டி, அ.வல்லாளபட்டி, தெற்குத்தெரு என்று ஊர்கள் கட்டத்துக்குள் வந்துவிட்டன.

[காட்சி: அரிட்டாபட்டியின் கழிஞ்சமலை. வழுக்கைப் பாறை, அடிவாரத்தில் கண்மாய்.]

அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2022 நவம்பரில் அறிவித்தார்கள், 193.215 ஹெக்டேர். தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் 2024 டிசம்பர் 24 அன்று, அந்தப் பகுதியை மட்டும் கழித்துவிட முடியுமா என்று எல்லையை மறு ஆய்வு செய்யச் சொன்னது மத்திய அரசு. கணக்காகப் பார்த்தால் நியாயம் போலத்தான் தெரியும். பாறை அப்படிக் கழிபடாது என்பதே என் கருத்து.

ஏன் என்றால், இந்தப் பாறையில் தண்ணீர் புகத் துளைகள் இல்லை. பெய்கிற மழை மொட்டைப் பாறை மேல் வழிந்து கண்மாய்க்குப் போகும். வெடிப்புகளில் இறங்கும் கொஞ்சம் நீர்தான் சுனையாகக் கசியும். இங்கே 72 கண்மாய் குளங்களும் 200 சுனைகளும் இருப்பதாக அரசின் அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அந்த நீரின் வழி. வேலி போட்ட இடத்துக்கு வெளியே வெடி வைத்தாலும் உள்ளே இருக்கும் சுனை வற்றக்கூடும்.

தமிழக சட்டமன்றம் அதற்கு முன்பே, 2024 டிசம்பர் 9 அன்று, ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து.

[காட்சி: குகை நெற்றி. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

மழைக்கு மறுநாள் அரிட்டாபட்டிக் குகைக்குப் போனால் ஒன்றைக் கவனியுங்கள். மலை வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரியும்போது உண்டாகும் இடுக்குதான் இந்தக் குகை. மதுரைச் சமணக் குகைகளின் நெற்றியில் ஒரு விரற்கடை ஆழத்துக்குக் காடி வெட்டியிருப்பார்கள். பாறையில் வழிகிற தண்ணீர் அந்தக் காடியைத் தொட்டதும் உள்ளே வராமல் அங்கேயே சொட்டிவிடும். இங்கே இருக்கும் தமிழ் பிராமிக் கல்வெட்டு சுமார் 2,200 ஆண்டு பழையது. நெல்வேலியைச் சேர்ந்த ஒருவர் இந்தக் குகையைக் கொடுத்ததாகச் சொல்கிறது. குகைக்கு அதில் உள்ள சொல் 'முழாகை'.

[காட்சி: காடியிலிருந்து சொட்டு விழுகிறது. இசை இல்லை.]