வயலுக்கு வந்த ஆலோசகரே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

அமெரிக்க உழவரை உயர்த்தியது ஆய்வுக்கூடமா, பல்கலைக்கழகத்திலிருந்து வயலுக்கு வந்த வேளாண் ஆலோசகரா? ஆலோசகரே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசியவர் அரசு கொடுத்த நிலத்தின் துணையோடு 1862-இல் தொடங்கிய நிலக்கொடைக் கல்லூரிகளையும், 1887-இல் ஹேட்ச் சட்டம் தந்த ஆய்வு நிலையங்களையும், வீரிய ஒட்டு மக்காச்சோளத்தையும் அடுக்கினார். "ஆய்வு இல்லையென்றால் ஆலோசகர் எதைச் சொல்லியிருப்பார்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. டெக்சாஸ் பருத்திக் காட்டில் இதற்குப் பதில் இருக்கிறது.

1890-களின் தொடக்கத்தில் மெக்சிகோவிலிருந்து டெக்சாசுக்குள் நுழைந்தது காய்க் கூன்வண்டு. மொட்டிலும் காயிலும் முட்டையிடும். புழு உள்ளே இருந்தபடியே தின்று தீர்க்கும். பூச்சியியலார் வந்து பார்த்தார்கள், வழியும் சொன்னார்கள்: சீக்கிரம் விளையும் ரகத்தை முன்கூட்டியே விதையுங்கள், பஞ்செடுத்து முடிந்ததும் செடிகளை அழித்துவிடுங்கள். சரியான வழிதான், அச்சிலும் வந்தது. வண்டு நின்றதா? ஆண்டுக்கு ஆண்டு அடுத்தடுத்த வட்டாரங்களுக்குப் பரவியது. கடன் வாங்கி விதைத்தவர், முகம் தெரியாத ஒருவர் அச்சடித்த தாளை நம்பி ஒரு வருஷ வெள்ளாமையைப் பணயம் வைப்பாரா?

1903-இல் டெரல் என்ற ஊருக்கு சீமன் நாப் வந்தார். இவர் யார் தெரியுமா? அயோவா வேளாண் கல்லூரியின் தலைவராக இருந்தவர். ஆய்வு நிலையங்கள் வேண்டும் என்று 1880-களிலேயே சட்ட வரைவு எழுதியவர். ஹேட்ச் சட்டத்துக்கு முன்னோடி அந்த வரைவு. எதிரணி போற்றும் ஆய்வு நிலையத்துக்காகப் போராடியவரே, அது மட்டும் போதாது என்று வயலில் வந்து நின்றார், நடுவர் அவர்களே!

அவர் அங்கே அரசுப் பண்ணை தொடங்கவில்லை. வால்டர் போர்ட்டர் என்ற உழவரின் சொந்த நிலத்தில், போர்ட்டரின் கையாலேயே சாகுபடி நடந்தது. நஷ்டம் வந்தால் ஈடுகட்ட ஊர் வணிகர்கள் பணம் திரட்டி வைத்தார்கள். அந்தப் பணத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. போர்ட்டர் லாபம் பார்த்தார். காதால் கேட்டதை மனிதர் சந்தேகிப்பார், கண்ணால் கண்டதைக்கூடச் சந்தேகிக்கலாம், தானே செய்ததைச் சந்தேகிக்க முடியாது என்பார் நாப்.

1906-இல் அதே டெக்சாசின் ஸ்மித் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது), தனக்கென ஒரு ஆலோசகரை அமர்த்திக்கொண்டது. அதே ஆண்டு அலபாமாவில் டஸ்கீகி கல்லூரியிலிருந்து ஒரு வண்டி புறப்பட்டது. ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் திட்டமிட்ட ஜெசப் வண்டி. கலப்பை, விதை, உரம், வெண்ணெய் கடையும் கருவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அடிமை முறையிலிருந்து மீண்ட குடும்பங்களின் வாசலுக்கே போனது. அதை நடத்திய தாமஸ் மன்ரோ கேம்ப்பெல், அந்நாட்டின் முதல் கறுப்பின வேளாண் ஆலோசகர். கார்வர் பெரிய அறிவியலாளர்தானே! ஆய்வுக்கூடமே போதுமென்றால் அவர் ஏன் வண்டி கட்டினார்?

1914-இல் ஸ்மித்–லீவர் சட்டம், அரசுப் பணத்தையும் கொடுத்து, இந்தப் பணியைப் பல்கலைக்கழகங்களிடம் ஒப்படைத்தது. எதிரணி அடுத்து எடுக்கப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். தென் மாநிலங்களில் அந்தப் பணம் வெள்ளையர் கல்லூரிகளின் கைக்கே போனது. கறுப்பினக் கல்லூரிகள் வஞ்சிக்கப்பட்டன. பெரும் அநீதி அது, மறைக்க மாட்டேன். ஆனால் ஆலோசகர் தேவையற்றவர் என்பதற்கா அது சாட்சி? தேவையற்றதை யாராவது இவ்வளவு பிடிவாதமாகப் பிறருக்கு மறுப்பார்களா?

கலிபோர்னியாவில் இன்னொரு நிபந்தனை இருந்தது. ஒரு கவுண்டிக்கு ஆலோசகர் வேண்டுமென்றால், முதலில் உழவர்கள் கூடி ஒரு சங்கம் அமைக்க வேண்டும். 1913-இல் ஹம்போல்ட் கவுண்டி முதலில் முன்வந்தது. மேலிருந்து யாரும் திணிக்கவில்லை. உழவர்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மக்காச்சோளத்துக்கு வருகிறேன். அயோவாவில் அந்த விதை பரவிய விதத்தை ரையான், கிராஸ் என்ற சமூகவியலாளர்கள் இருவரும் ஆராய்ந்து 1943-இல் வெளியிட்டார்கள். உழவர்களில் பலருக்கு முதல் செய்தி விதை விற்பனையாளரிடமிருந்து வந்தது. மனம் மாற்றியதோ பெரும்பாலும் பக்கத்து வயல்காரர். ஆலோசகர்தான் எல்லாம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாப் டெரலில் நம்பியது இதைத்தானே! பக்கத்து வயலில் விளைந்தால்தான் விதைக்கு மரியாதை.

கடைசியாக ஒன்று. 1959-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பூச்சியியலாளர்கள் நால்வர், பூச்சியைக் கண்டதுமே மருந்தடிக்கும் வழக்கத்தை மறுத்தார்கள். மருந்துச் செலவை மிஞ்சும் இழப்பு வரும் அளவுக்குப் பூச்சி பெருகப்போகிறதா என்று பார்த்து முடிவெடுக்கச் சொன்னார்கள். அந்த அளவை வகுத்தது ஆய்வு. முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த வயலில், இந்த வாரம், பூச்சி எத்தனை என்று இலையைப் புரட்டி எண்ண உழவருக்குக் கற்றுக்கொடுப்பது யார்? மருந்து விற்பவரா? விற்றால்தானே அவருக்கு வருமானம்! விற்பதற்கு எதுவும் இல்லாமல் வரப்பில் இறங்கி வருபவர் யார் என்று எதிரணியின் அடுத்த பேச்சாளர் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.